பதினொன்றுக்கு ஒன்று

எலெக்‌ஷன் அக்கா எந்தத் தேர்தலிலும் நின்றவள் இல்லை. நடத்துகிறவள். தேர்தல் அலுவலகத்தில் அவளுக்கு இருபத்தாறு வருஷ உத்தியோகம். ஓட்டுப் பெட்டிக்கு எப்படி அரக்கு வைப்பது, நூலை எத்தனை சுற்று சுற்றி எங்கே முடிச்சுப் போடுவது, மடித்த சீட்டைப் போட வருகிறவர் தடுமாறினால் எவ்வளவு தூரம் தள்ளி நின்று உதவுவது என்றெல்லாம் வாத்தியார்களுக்கும் குமாஸ்தாக்களுக்கும் வகுப்பெடுப்பாள். எண்ணிக்கை நாளன்று கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு அவள் கூடத்துக்குள் நுழைந்தால் அறுபது மேஜையும் நிமிர்ந்து உட்காரும். காலையில் பெட்டியைத் திறந்தால் சாயங்காலத்துக்குள் மூன்று லட்சம் பேர் என்ன நினைக்கிறார்கள் என்பது ஒரே ஒரு காகிதத்தில் வந்துவிடும். தோற்றவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுவார், ஜெயித்தவர் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பார், இரண்டு பேரும் வேறு வேறு காரில் ஏறி வேறு வேறு தெருவுக்குப் போய்விடுவார்கள். அக்கா வீட்டுக்கு வந்து காலை நீட்டி டீ குடிப்பாள்.

இப்பேர்ப்பட்டவள் குடியிருந்த கட்டடத்தில் மொத்தமே பன்னிரண்டு வீடு. தரைத்தளத்தோடு சேர்த்து நான்கு தளம், தளத்துக்கு மூன்று வீடு. அந்தப் பன்னிரண்டு வீடும் சேர்ந்து ஒரு விஷயத்தை முடிவு செய்து அவள் பார்த்ததே இல்லை. படிக்கட்டுச் சுவருக்கு என்ன வர்ணம் அடிப்பது என்று மூன்று வருஷம் பேசினார்கள். கடைசியில் மண்டை காய்ந்துபோய், அவரவர் தளத்துக்கு அவரவர் இஷ்டம் என்று விட்டுவிட்டார்கள். கீழே மஞ்சள், அதற்கு மேலே நீலம், அதற்கும் மேலே ரோஜா நிறம். அக்கா இருந்த மூன்றாம் மாடியில் வர்ணமே கிடையாது. அங்கே மூன்று வீட்டுக்குள் இன்னும் பேச்சு முடியவில்லை.

எல்லாம் அந்தக் கட்டடத்தின் வழக்கத்தால் வந்த வினை. எந்த முடிவானாலும் பன்னிரண்டு வீடும் 'சரி' சொல்ல வேண்டும். யார் வைத்த சட்டம் என்று ஒருவருக்கும் தெரியாது, ஆனால் மீற நினைத்தவரும் கிடையாது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை, கீழே தபால் பெட்டிகளுக்கு எதிரே நாற்காலிகளைப் போட்டுக் கூட்டம் நடக்கும். இரண்டாம் மாடி ஹெட்மிஸ்ட்ரஸ் நோட்டுப் புத்தகத்தோடு தலைமை தாங்குவார். ஓய்வு பெற்றுப் பத்து வருஷம் ஆகியும் அவர் குரலைக் கேட்டால் பெரியவர்களே கையைக் கட்டிக்கொள்வார்கள். வீடு வீடாகக் கேட்பார். பதினொரு 'சரி' வரை வண்டி ஓடும். பன்னிரண்டாவதில் பஞ்சர். முதல் மாடியில் ஒரு பெரியவர் இருந்தார், ஒரு காலத்தில் அச்சகத்தில் பிழை திருத்தியவர். "ஒரு சின்ன திருத்தம்" என்று ஆரம்பிக்காமல் அவருக்குப் பேச்சே வராது. கட்டடமே அவரைத் 'திருத்தம்' என்றுதான் கூப்பிட்டது. அவரும் அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை.

அக்கா இந்தக் கூட்டங்களை ஒரு தமாஷாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், கஷ்டம் தன் வீட்டுக் கதவைத் தட்டும்வரைக்கும். அவளுடைய வீட்டுக்காரர் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். டிரைவர் என்றால் அந்தத் தெருவில் அவர் ஒருவர்தான். நகரத்தின் ஒவ்வொரு திருப்பத்திலும் அவருக்கு நாலு பேரைத் தெரியும். ஓய்வு பெற்ற பிறகும் காலையில் கிளம்பினால் மத்தியானம்தான் திரும்புவார். எங்கே போனீர்கள் என்று கேட்டால், "சும்மா, கடை வரைக்கும்" என்பார். கடை நூறு அடி தூரத்தில் இருந்தது.

அப்படிப்பட்ட மனிதர் ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. சமதரையில் எவ்வளவு வேண்டுமானாலும் நடக்கலாம், நடந்தால்தான் நல்லது, ஆனால் படி மட்டும் இனி ஆகவே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூன்றாம் மாடியில் இருப்பவரிடம் இதைச் சொன்னால் என்ன செய்வார்? பால்கனியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"மூணு மாசமா உச்சந்தலையைத்தான் பாத்துட்டிருக்கேன். யாருக்கு எவ்வளவு வழுக்கைன்னு கேளு, சொல்றேன். முகம்தான் மறந்து போச்சு" என்று சிரிப்பார்.

அந்தச் சிரிப்பு நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே வந்ததை அக்கா பார்த்தாள். முதலில் சவரம் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆனது, பிறகு வாரம் ஒருமுறை ஆனது. தட்டில் பாதி மிஞ்சியது. இந்த மனிதரை எப்படியாவது தரையில் இறக்க வேண்டும், இல்லையென்றால் அந்த நாற்காலியிலேயே கரைந்துபோவார் என்று தெரிந்துவிட்டது. அதற்கு ஒரே வழி லிஃப்ட்.

அதிசயம் என்னவென்றால், கட்டடம் ஒத்துக்கொண்டது. செலவைப் பங்கிடுவதில்கூடத் தகராறு வரவில்லை. எல்லாருக்கும் மூட்டு இருந்தது, எல்லா மூட்டிலும் வலி இருந்தது. லிஃப்ட் கம்பெனிக்காரர்கள் படம் வரைந்து அனுப்பினார்கள். கட்டடத்துக்கு வெளியே, படிக்கட்டை ஒட்டி ஒரு கூண்டு. மேல் மாடிகளில் அந்த இடத்தில் படி திரும்பும் மேடை இருந்ததால் யாருக்கும் தொந்தரவு இல்லை. தரைத்தளத்தில் மட்டும் அந்த இடத்தில் ஒரு ஜன்னல் இருந்தது. அது பல்செட்காரரின் ஜன்னல்.

பல்செட்காரர் டாக்டர் இல்லை. டாக்டர்கள் அளவெடுத்து அனுப்ப, அதற்குப் பல் செய்து தருகிறவர். நாற்பத்தைந்து வயது, தனி ஆள், சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். முன்னறையில் ஜன்னலோரம் மேஜை போட்டு, பிளாஸ்டர் மாவில் வார்த்த தாடைகளுக்கு நடுவே உட்கார்ந்து அரத்தால் ராவிக்கொண்டிருப்பார். அந்தக் கட்டடத்தில் ஐம்பது தாண்டிய வாய் எதுவானாலும் அதில் அவர் கைவேலை கொஞ்சமாவது இருக்கும். கூட்டத்தில் அவரை எதிர்த்துப் பேசிய வாய்களிலும் இருந்தது.

"எனக்குக் கொஞ்சம் கஷ்டம்" என்றார் பல்செட்காரர் முதல் கூட்டத்தில். "பல்லோட நிறம் பாக்கணும்னா வெயில் வெளிச்சம் வேணும். மத்த ஜன்னல் எல்லாம் பக்கத்துக் கட்டடத்துச் சுவரைப் பாத்துத்தான் இருக்கு."

"டியூப்லைட் போட்டுக்கலாமே!" என்றார் திருத்தம். எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

அவர் மேற்கொண்டு வாதாடவில்லை. "யோசிக்கணும்" என்றார். அடுத்த மாதமும் அதையே சொன்னார். ஹெட்மிஸ்ட்ரஸ் நோட்டில் 'ஒத்திவைக்கப்பட்டது' என்று எழுதினார். அதற்கடுத்த மாதமும் எழுதினார். நோட்டே அந்த ஒரு வார்த்தையால் நிரம்பிவிடும் போலிருந்தது.

அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. "மூணு லட்சம் பேரை ஒரே நாள்ல முடிவெடுக்க வைக்கறேன், பன்னெண்டு பேரை முடியாதா?" என்று எழுந்து நின்றாள். "ரகசிய வாக்கெடுப்பு. பெரும்பான்மை எதுவோ அதுதான் முடிவு. முறையா நடத்தறேன்."

ரகசிய வாக்கெடுப்பு நடத்தலாமா என்பதற்கே இரண்டு கூட்டம் பிடித்தது. அதற்குப் பன்னிரண்டாவது சரியைச் சொன்னவர் பல்செட்காரர்தான்.

அக்கா நடத்திய தேர்தலில் ஒரு குறை சொல்ல முடியாது. ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை அறுத்து மறைவிடம் செய்தாள். பிஸ்கட் டின்னுக்கு அரக்கு வைத்தாள். லிஃப்ட் வேண்டும், வேண்டாம் என்று இரண்டு கட்டம் போட்டுச் சீட்டு அச்சடித்தாள். எல்லாருக்கும் ஒரே பேனா, ஒரே மை, பெருக்கல் குறி மட்டும். வீட்டுக்கு ஒரு ஓட்டு. நடத்துகிற அதிகாரி ஓட்டுப் போடக் கூடாது என்று தன் வீட்டு ஓட்டை டிரைவருக்கு விட்டாள். அவரால் இறங்க முடியாதே, அதற்காக டின்னைத் தானே தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறிப் போய் அவர் முன் வைத்துவிட்டு, முறைப்படி முதுகைக் காட்டி நின்றாள்.

"தொண்டை வறண்டிருக்கு. ஒரு வாய் தண்ணி கொடேன்" என்றார் டிரைவர்.

"வாக்காளரோட பேசக் கூடாது" என்றாள் அக்கா.

தபால் பெட்டிகளுக்கு எதிரே எல்லார் முன்னிலையிலும் அரக்கை உடைத்தார்கள். வேண்டும், வேண்டும், வேண்டும் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் ஒவ்வொன்றாகப் படிக்கப் படிக்க அக்காவுக்கு நெஞ்சு பொங்கியது. எட்டாவது சீட்டு 'வேண்டாம்'. மற்றதெல்லாம் வேண்டும். பதினொன்றுக்கு ஒன்று.

கைதட்டினார்கள். தட்டி முடித்ததும்தான் சங்கடம் தெரிந்தது. ஏனென்றால் பெரிய கூடத்தில் அந்த ஒன்று யாரென்று தெரியாது, தெரிந்தாலும் அவர் நம் மாடிப்படியில் எதிரே வரப்போவதில்லை. இங்கே பதினொரு ஜோடிக் கண்ணும் பல்செட்காரர் மேல்தான் போய் நின்றது. அவர் நாற்காலியை மடித்துச் சுவரோரம் சாய்த்துவிட்டு, "சந்தோஷம்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஜெயித்தாயிற்று, லிஃப்ட் வந்ததா? இல்லை. கம்பெனிக்குப் போன் செய்ய ஒருவருக்கும் கை வரவில்லை. ஹெட்மிஸ்ட்ரஸ் திருத்தத்தைச் செய்யச் சொன்னார், திருத்தம் அக்காவைச் செய்யச் சொன்னார், அக்கா நாளைக்கு என்றாள். பதினொன்று என்பது அந்தக் கட்டடத்தில் எந்தக் காலத்திலும் 'சரி' ஆனதில்லை. போன் செய்ய முடியாத எரிச்சலையெல்லாம் சேர்த்துப் பல்செட்காரர் மேல் கொட்டினார்கள். முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினார்கள். குப்பைத் தொட்டியைக்கூட அவர் வைத்த இடத்துக்குப் பக்கத்தில் வைக்கவில்லை. இதில் அதிகம் அவதிப்பட்டவர் திருத்தம். அவருடைய மேல்வரிசை ரிப்பேருக்குப் போய்ப் பல்செட்காரரின் மேஜையில் தயாராகக் கிடந்தது. போய் வாங்குவது மானக்கேடு என்று, பத்து நாளாகப் பிஸ்கட்டை டீயில் ஊறப்போட்டு விழுங்கிக்கொண்டிருந்தார்.

பதினோராம் நாள் அக்கா பொறுக்கமாட்டாமல் கீழே போனாள். மன்னிப்புக் கேட்கவா, சமாதானம் சொல்லவா என்று அவளுக்கே தெரியவில்லை. பல்செட்காரர் ஜன்னலோரம் ஒரு ஒற்றைப் பல்லை இடுக்கியால் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மேஜையில் நிறம் ஒத்துப்பார்க்கும் சின்னச் சின்ன மாதிரிப் பற்கள், ஒரு சாவிக்கொத்து போல, வெள்ளையிலிருந்து பழுப்புவரை வரிசையாகக் கோத்துக் கிடந்தன.

"பாருங்கக்கா" என்று அந்தப் பல்லை நீட்டினார். பிறகு எழுந்து டியூப்லைட்டைப் போட்டு அறையின் உள்பக்கம் போய்க் காட்டினார். ஜன்னலில் தந்தம் போலிருந்த பல், அங்கே சாக்பீஸ் மாதிரி வெளிறிக் கிடந்தது. அக்காவுக்குச் சுருக்கென்றது. இத்தனை மாதத்தில் ஒருநாள்கூட இங்கே வந்து பார்க்கவில்லையே.

"தெரியாம போச்சுங்க" என்றாள். "நீங்க வேண்டாம்னு போட்டதுல தப்பே இல்லை."

"நான் வேணும்னுதான் போட்டேன்."

அக்கா அவரைப் பார்த்தாள். இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ பேர் எண்ணி முடித்த பிறகு எதை எதையோ சொல்லிக் கேட்டிருக்கிறாள்.

"நிஜமாத்தான்கா. கூட்டத்துல எல்லார் முன்னாடியும் சரின்னு சொல்ல வாய் வரலை. என் பொழப்பு போகுதேன்னு இருந்துச்சு. அட்டைக்குப் பின்னாடி தனியா நின்னப்போ அண்ணா ஞாபகம் வந்துட்டாரு. எட்டு மாசமா மேல உக்காந்திருக்காரு. அவர் இறங்கட்டும், நான் எப்படியோ சமாளிச்சுக்கறேன்னு போட்டுட்டேன்."

"அப்ப இத்தனை நாளா எல்லாரும் உங்களை..."

"நான் சொன்னா நம்புவாங்களா?"

நம்பமாட்டார்கள். அவளே பாதிதான் நம்பினாள். படியேறும்போது வகுப்பில் தான் வழக்கமாகச் சொல்வது நினைவுக்கு வந்தது: யார் என்ன போட்டார்கள் என்று ஊகிப்பது நம் வேலை இல்லை, கை எண்ணட்டும், மண்டை சும்மா இருக்கட்டும். மண்டை சும்மா இருக்கவில்லை. நீலத்தைத் தாண்டி ரோஜா நிறத்துக்கு வந்தபோது ஒவ்வொரு வீட்டையும் கழித்துக்கொண்டே வந்திருந்தாள். வர்ணமில்லாத மாடிக்கு வந்து சேர்ந்தபோது கழிக்க இன்னும் ஒரு வீடுதான் பாக்கி இருந்தது.

டிரைவர் பால்கனியில் இருந்தார்.

"பல்செட்காரர் வேணும்னுதான் போட்டாராம்" என்றாள்.

"ஓ" என்றார் டிரைவர். தெருவையே பார்த்தார். முப்பது வருஷக் குடித்தனத்தில் அந்த 'ஓ'வின் அர்த்தம் அவளுக்குத் தெரியாதா?

"நீங்களா?"

"ரகசிய வாக்கெடுப்புன்னு சொன்னே. அதிகாரியே இப்படிக் கேக்கலாமா?"

அக்காவுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. "வீடு வீடா ஏறி இறங்கி, கெஞ்சி, மூஞ்சில அடிச்ச மாதிரி பேச்செல்லாம் வாங்கிக் கட்டிக்கிட்டு, யாருக்காக? உங்களுக்காக! நீங்களே வேண்டாம்னு போட்டா நான் யாருன்னு நினைச்சீங்க, பைத்தியக்காரியா?"

"போன வருஷம் பல்லு கட்டறப்போ மூணு மணி நேரம் அந்த ஜன்னல்ல உக்காந்திருந்தேன்" என்றார் டிரைவர். "ஒரு பல்லுக்கு மூணு மணி நேரம் வெளிச்சத்துல பாத்தான். கடையில நான் பல்லைக் காட்டிச் சிரிச்சா அது கட்டினதுன்னு யாராவது சொல்லியிருக்காங்களா? அந்த ஜன்னலை அடைச்சுட்டு நான் கீழ இறங்கி யார் மூஞ்சில முழிக்கறது? நான் மேலயே உக்காந்துக்கறேன். டீ குடிச்சுட்டு. எனக்கென்ன." கொஞ்சம் நிறுத்தி, "உன் எதிர்ல சொல்ல தைரியம் வரலை. நீ முதுகைக் காட்டிட்டு நின்னே. போட்டுட்டேன்."

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். கோபத்தில் பாதி, மீதி என்னவென்று அவளுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. இப்படிப்பட்ட ஆளைக் கட்டிக்கொண்டதற்காகத் தன்னைத் திட்டிக்கொண்டும் இருந்தாள், உள்ளூரப் பெருமைப்பட்டுக்கொண்டும் இருந்தாள்.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. கீழே ஒரு மனிதர் செய்யாத குற்றத்துக்கு ஊர்விலக்கு ஆனவர் மாதிரி இருக்கிறார். யார் போட்டது என்று அதிகாரி வாய் திறக்கக் கூடாது. போட்டவர்தான் சொல்ல வேண்டும். போட்டவரால் இறங்க முடியாது. ஆகவே அந்த மாதக் கூட்டம் மூன்றாம் மாடியில், தன் வீட்டில் என்று தபால் பெட்டிகள் மேல் காகிதம் ஒட்டினாள்.

ஞாயிறு காலை கட்டடமே மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வந்து சேர்ந்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் ஒரு மாடி ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் நின்றார். திருத்தம் மேல்வரிசை இல்லாமல் உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு வந்தார். பல்செட்காரர் கடைசியாக வந்து கதவோரம் நின்றார், யாரும் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை.

"அந்த ஒத்தை ஓட்டு என்னுது" என்றார் டிரைவர், டீ வருவதற்கு முன்பாகவே.

ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. ஹெட்மிஸ்ட்ரஸ் நோட்டைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். இரண்டு வாரமாகத் தாங்கள் யாரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டோமோ அந்த மனிதரை இப்போது நேராகப் பார்க்க வேண்டியிருந்தது. அது யாருக்கும் சுலபமாக இல்லை. கடைசியில் திருத்தம்தான், பல்லில்லாத வாயால், "என் பேர்ல தப்பு" என்றார். அவர் வாழ்நாளில் திருத்தம் இல்லாமல் சொன்ன முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

பல்செட்காரர் அதைக் கேட்டாரா என்பதே சந்தேகம். அவர் ஹாலின் கிழக்கு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் மாடி உயரத்தில் மறைக்க எந்தக் கட்டடமும் இல்லை. காலை வெயில் தடையில்லாமல் உள்ளே வந்து சுவர் முழுக்க விழுந்திருந்தது. சட்டைப்பையிலிருந்து அந்தப் பல் கொத்தை எடுத்தார். ஜன்னலருகே போய் ஒவ்வொன்றாக விரித்தார். கூட்டம் நடப்பதையே மறந்துவிட்டார்.

"என்ன வெளிச்சம் அண்ணா இது! இது ரெண்டும் ஒரே நிறம்னு இத்தனை வருஷமா நினைச்சிட்டிருந்தேன். பாருங்க, வேற வேற."

டிரைவர் அவரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், பிறகு தன் பெண்டாட்டியைப் பார்த்தார். அக்கா தலையை ஆட்டினாள்.

"பிடிச்சிருந்தா எடுத்துக்கோ. உன் வீட்டை எனக்குக் குடு" என்றார் டிரைவர்.

எல்லா வீடும் ஒரே அளவு, ஒரே அமைப்பு. முதலில் இடம் மாறிக்கொள்வது, பத்திரத்தைப் பிறகு பார்த்துக்கொள்வது என்று பேசி முடிக்க ஒரு டம்ளர் டீ ஆறும் நேரம்கூட ஆகவில்லை. இதைத் தீர்மானமாக எழுத வேண்டாமா என்று யாரோ கேட்டதற்கு, "அவங்க வீடு, அவங்க மாத்திக்கறாங்க, நமக்கென்ன?" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ்.

இடம் மாறிய நாள் கட்டடத்துக்கே கொண்டாட்டமாக இருந்தது. நாலு பேர் டிரைவரை நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் அவர், "ரைட்ல ஒடி, ரைட்ல ஒடி" என்று சத்தம் போட்டுக்கொண்டே வந்தார். கீழிருந்து பல்செட்காரரின் மாவுத் தாடைகள் கூடை கூடையாக மேலே போயின. ஒவ்வொன்றிலும் வீட்டு எண் எழுதியிருந்ததால், தூக்கியவர்களெல்லாம் நின்று நின்று "இது யார் வாய்? இது யார் வாய்?" என்று பார்த்ததில் ஒரு மணி நேர வேலை சாயங்காலம்வரை இழுத்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் தன்னுடையதைக் கண்டுபிடித்துக் கைக்குட்டையால் மூடித் தானே எடுத்துக்கொண்டு போனார். திருத்தத்துக்கு அவருடைய மேல்வரிசை கிடைத்தது. அதை மாட்டிக்கொண்டு அங்கேயே நின்று ஒரு ரொட்டி முழுவதையும் தின்றார்.

ஆனால் மற்ற மூட்டுகள் அப்படியேதான் இருந்தன. அடுத்த மாதக் கூட்டத்தில் மறுபடி லிஃப்ட் பேச்சு வந்தது. இந்த முறை கம்பெனிக்காரரே அளவெடுக்கும் டேப்போடு வந்து உட்கார்ந்திருந்தார். ஓட்டெடுப்பு என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை. பழையபடி வீடு வீடாகத்தான். சரி, சரி, சரி என்று வந்து ஹெட்மிஸ்ட்ரஸ் தலையை நிமிர்த்தினார்.

"எலெக்‌ஷன் வீடு?"

அக்கா வாயைத் திறந்தாள். 'சரி' வரவில்லை. இந்த ஒரு மாதத்தில் அந்த முன்னறை ஜன்னலோரம் அவள் தன் நாற்காலியைப் போட்டிருந்தாள். ஆபீசிலிருந்து வந்ததும் காலை நீட்டி டீ குடிக்கும் இடம் இப்போது அதுதான். தெருவில் போகிறவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். அதை அடைத்துக் கம்பிக்கூண்டு வைக்கப் போகிறார்கள். பதினொரு ஜோடிக் கண்ணும் அவள் மேல் இருந்தது.

"டியூப்லைட் போட்டுக்கலாமே" என்றார் திருத்தம்.

அக்காவுக்குக் காது வரை சூடேறியது. இதே வார்த்தைக்குத் தானும் அன்று ஆமாம் போட்டவள்தானே.

"அவங்களை அவசரப்படுத்தாதீங்க" என்றது ஒரு மெல்லிய குரல். பல்செட்காரர். இரண்டு கையிலும் மாவு மூட்டை. அதைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏற வேண்டியவர். "நல்லா யோசிச்சுச் சொல்லட்டும். நான் ஏறிக்கறேன்."

அவரை நிமிர்ந்து பார்க்க அவளால் முடியவில்லை. மாதக்கணக்காக அவர் யோசிக்க வேண்டும் என்று சொன்னபோது யாராவது இப்படி ஒரு வார்த்தை சொன்னோமா? கம்பெனிக்காரர் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, இந்தக் கூண்டைக் கொஞ்சம் தள்ளி வைக்க முடியாதா?"

"தாராளமா. ரெண்டடி தள்ளினா ஜன்னல் தப்பிச்சிரும்" என்றார் அவர். "படம் போட்டு அனுப்பினோம், நீங்க ஒண்ணும் சொல்லலை. வேற யாரும் கேக்கவே இல்லையே, மேடம்."

அக்கா தான் அச்சடித்த சீட்டை நினைத்துப் பார்த்தாள். வேண்டும் என்று ஒரு கட்டம், வேண்டாம் என்று ஒரு கட்டம். கொஞ்சம் தள்ளி வைக்கலாமா என்பதற்குக் கட்டமே இல்லை. மூன்று லட்சம் பேரிடம் அப்படிக் கேட்கவும் முடியாது. பன்னிரண்டு பேரிடம் கேட்டிருக்கலாம். முதலில் சிரித்தவள் அவள்தான். அப்புறம் பல்செட்காரர் மூட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அதற்குள் ஹெட்மிஸ்ட்ரஸ், இரண்டடி என்றால் கேட் பக்கமா, தபால் பெட்டிப் பக்கமா என்று கேட்டுவிட, திருத்தம் ஒரு சின்ன திருத்தத்தோடு எழுந்தார். அடுத்த அரைமணி நேரம் வழக்கம்போல ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள்.

"சரி, கேட் பக்கம். கடைசியா கேக்கறேன்" என்று ஹெட்மிஸ்ட்ரஸ் மேஜையைத் தட்டினார். பதினொரு சரி வந்தது. "எலெக்‌ஷன் வீடு?"

"எங்க வீட்டு ஓட்டு அவரோடதுங்க" என்று அக்கா திரும்பினாள். டிரைவரின் நாற்காலி காலியாக இருந்தது. சுவரில் சாய்த்திருந்த தடியையும் காணோம். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். கேட்டுக்கு வெளியே, நடைபாதையில், பஸ் நிறுத்தத்தையும் தாண்டி, தடியை ஊன்றி ஊன்றி அவர் போய்க்கொண்டிருந்தார். முகம் மழமழவென்று சவரம் செய்திருந்தது. எதிரே வந்த யாரையோ நிறுத்தி, தோளில் கை போட்டுப் பேச ஆரம்பித்தார்.

"கூப்பிடட்டுமா?" என்றார் திருத்தம்.

"வேண்டாம்" என்றாள் அக்கா. "கடை வரைக்கும் போயிருக்கார். வரட்டும்."

ஹெட்மிஸ்ட்ரஸ் பேனாவை மூடினார். கம்பெனிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். யாரோ டீ போட உள்ளே போனார்கள். அவர் வந்து சரி சொல்ல முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரைக்கும் கட்டடம் முழுவதும் அங்கேயே உட்கார்ந்திருந்தது.